குறையுள்ள உறுப்பும் பிழையற்ற விடையும்

(ஆரம்பாக்கத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், பிரிட்டனின் தொடக்ககால டிரான்சிஸ்டர் கணினிகள். தலைப்பைச் சொன்னதும் அமைப்பாளர்களில் ஒருவர், “ஐயா, நம்ம ஊர்ல இதைக் கேட்டு என்ன செய்யப் போறாங்க?” என்று அன்போடு கேட்டார். நியாயமான கேள்வி. வடக்கே தடா, தெற்கே எளாவூர், கிழக்கே பழவேற்காடு ஏரி என்று அமைந்த ஊர் இது. இங்கிருந்து வேலைக்குப் போகிறவர்களில் பலர் உருட்டாலையிலும் வார்ப்பாலையிலும் உழைக்கிறவர்கள். எழுபது ஆண்டுகளுக்கு முன் மான்செஸ்டரில் ஓடிய ஒரு பெட்டிக்கும் நமக்கும் என்ன? உருட்டாலைகளில் மின் பராமரிப்பு வேலையிலேயே என் காலம் போயிற்று. அந்த அனுபவத்திலிருந்துதான் இதற்கான பதிலைக் கண்டுகொண்டேன். பேச்சின் முடிவில் அதைச் சொல்கிறேன்.

டிரான்சிஸ்டர் என்றால் ரேடியோ

நம் வீடுகளில் டிரான்சிஸ்டர் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருந்தது. தோலுறை போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு வயலுக்கும் ஏரிக்கரைக்கும் எடுத்துப்போகிற ரேடியோ. “டிரான்சிஸ்டரைப் போடு, இலங்கை வானொலி கேட்போம்” என்போம். உள்ளே இருந்த ஒரு சிறிய உறுப்பின் பெயர் முழுப் பெட்டிக்கும் ஆகிவந்தது. அதற்கு முந்திய வால்வு ரேடியோவைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். போட்டதும் பாடாது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழல்கள் சூடேறிச் சிவக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

முதல் கணினிகள் அந்த வால்வுகளால் ஆனவை. 1948 ஜூன் 21 அன்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், நிரலைத் தன் நினைவகத்திலேயே வைத்து ஓட்டும் ஒரு சிறிய சோதனைக் கணினி முதன்முதலாக ஓடியது. அதன் வழியில் வந்த ஃபெராண்டி மார்க் 1 என்ற கணினி 1951இல் நிறுவப்பட்டது. அதில் ஏறக்குறைய 4,000 வால்வுகள். அது தின்ற மின்சாரம் 25 கிலோவாட் அளவு. அத்தனையும் வெப்பமாக வெளியேறும். அத்தனை வால்வுகளில் ஏதோ ஒன்று எப்போதும் சாகக் காத்திருக்கும்.

இதற்கிடையே, 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீனும் வால்ட்டர் பிராட்டனும் டிரான்சிஸ்டரைச் செய்து காட்டிவிட்டார்கள். சூடேற்றும் இழை கிடையாது, உடைகிற கண்ணாடிக் குழல் கிடையாது, மின்செலவு மிகக் குறைவு. அப்படியானால் மறுநாளே எல்லோரும் வால்வைத் தூக்கி எறிந்திருக்க வேண்டுமே? எறியவில்லை. முதலில் வந்த டிரான்சிஸ்டர் அவ்வளவு மோசமானது.

அது முனைத்தொடு வகை. ஒரு ஜெர்மானியப் படிகத்தின் மேல் இரண்டு நுண்ணிய கம்பிமுனைகள் அழுந்தி நிற்கும். ஒரே தட்டில் வரும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒன்றுபோல் நடக்காது. தட்டினால் குணம் மாறும். வெப்பம் அதற்குப் பெரும்பகை. ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஜெர்மானியத்தில் கசிவு மின்னோட்டம் இரட்டிக்கும். நம்மூர்ச் சித்திரை வெயிலில் அதை வைத்திருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மான்செஸ்டர்: ஒன்றரை மணி நேரம்

இந்த நம்பத்தகாத உறுப்பைக் கையில் எடுத்தவர்கள் இரண்டு இளைஞர்கள். டாம் கில்பர்ன் குழுவில் வேலை செய்த ரிச்சர்ட் கிரிம்ஸ்டேலும் டக்ளஸ் வெப்பும். 1953 நவம்பரில் அவர்களது சோதனைக் கணினி ஓடத் தொடங்கியது. அதில் இருந்தவை 92 டிரான்சிஸ்டர்களும் 550 டையோடுகளும். டிரான்சிஸ்டரை வைத்துக் கட்டிய கணினிகளில் உலகிலேயே முதலில் ஓடியது என்று அதைச் சொல்வார்கள்.

டிரான்சிஸ்டர் கிடைப்பதே அரிது, கிடைத்ததும் நம்பத்தக்கதாக இல்லை. அதனால் எவ்வளவு குறைவாகப் பயன்படுத்த முடியுமோ அவ்வளவு குறைவாகப் பயன்படுத்தினார்கள். நினைவகத்துக்குச் சுழலும் காந்த உருளையை வைத்தார்கள். கணக்கிடும்போது இடையில் வைத்துக்கொள்ளும் எண்களைக்கூட அதே உருளையில்தான் எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் உருளை சுற்றி வரும் வரை காத்திருக்க வேண்டும், வேகம் போய்விடும். போனால் போகட்டும் என்று விட்டார்கள். உருளையை ஓட்டவும் துடிப்பலை தரவும் சில வால்வுகள் அதில் மிச்சம் இருந்தன. அதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

1955இல் அதன் பெரிய வடிவம் தயாரானது. 200 டிரான்சிஸ்டர்கள், 1,300 டையோடுகள். அது எடுத்துக்கொண்ட மின்சாரம் 150 வாட், அதாவது நம் வீட்டு மின்விசிறிகள் இரண்டு ஓடும் அளவு. சற்று முன் சொன்ன 25 கிலோவாட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்றம் எந்தத் திசையில் போகப் போகிறது என்று அந்த ஒரு எண்ணே சொல்லிவிட்டது.

ஆனால் என் மனத்தில் தங்கிவிட்ட எண் வேறு. அந்தக் கணினி பிழையில்லாமல் தொடர்ந்து ஓடிய சராசரி நேரம் ஒன்றரை மணி. அதற்குள் ஏதேனும் ஒரு டிரான்சிஸ்டர் தடுமாறும், விடை கெடும். இது நமக்கு எப்படித் தெரியும்? கட்டியவர்களே எண்ணி எழுதிவைத்தார்கள் என்பதால் தெரியும். புதிதாக ஒன்றைச் செய்தவன் அதன் பெருமையைத்தான் முதலில் பேசுவான். இவர்கள் அது எத்தனை முறை விழுந்தது என்பதையும் எண்ணினார்கள். இன்றைய என் பேச்சுக்கு வேர் இந்த இடம்தான்.

மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ் என்ற மின்பொறி நிறுவனம் மான்செஸ்டர் வடிவமைப்பை எடுத்துக்கொண்டது. முனைத்தொடு வகையை விட்டுவிட்டு, அதைவிட நிலையான சந்தி வகை டிரான்சிஸ்டர்களுக்கு மாறி, 1956இல் மெட்ரோவிக் 950 என்ற கணினியை உருவாக்கியது. செய்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே. எந்த உறுப்பு காலை வாருகிறது என்று முன்னவர்கள் எழுதிவைத்திருந்ததால், பின்னவர்களுக்கு எதை மாற்ற வேண்டும் என்பதில் ஐயமில்லாமல் போயிற்று.

ஹார்வெல்: எண்பது மணி நேரம்

அதே காலத்தில் ஹார்வெல் அணுசக்தி ஆய்வு நிலையத்தில் டெட் குக்-யார்பரோவின் குழு இன்னொரு கணினியைக் கட்டிக்கொண்டிருந்தது. அதன் பெயர் கேடெட். 1955 பிப்ரவரியில் அது ஓடத் தொடங்கியது. அதில் 324 முனைத்தொடு டிரான்சிஸ்டர்கள். காந்த உருளையிலிருந்து வரும் மெல்லிய குறிகையைப் பெருக்கும் இடத்தில் மட்டும் அந்த வகை உதவவில்லை, இரைச்சல் அதிகம். அங்கே 76 சந்தி வகை டிரான்சிஸ்டர்களைப் போட்டார்கள். எந்த ஆளை எந்த வேலைக்கு அனுப்புவது என்று தெரிந்த மேஸ்திரியின் அறிவு இது.

மான்செஸ்டர்க் கணினியின் துடிப்பு நொடிக்கு 1,25,000. அந்த வேகத்துக்கு வால்வு தேவைப்பட்டது. ஹார்வெல்காரர்கள் துடிப்பை 58,000க்கு இறக்கினார்கள். வேகம் பாதிக்கும் கீழே போயிற்று, ஆனால் வால்வே இல்லாமல் வேலை நடந்தது. 1956 ஆகஸ்ட் முதல் அந்தக் கணினி ஆய்வாளர்களுக்கு முறையான கணக்கீட்டுச் சேவை அளித்தது. பல வேளைகளில் 80 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓடியது.

ஒன்றரை மணியிலிருந்து எண்பது மணி. இடையில் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் வானத்திலிருந்து விழவில்லை. உறுப்பு இன்னதைச் செய்யும், இன்னதைச் செய்யாது என்று அறிந்து, அதன்மேல் தாங்க முடியாத சுமையை ஏற்றாமல் கட்டியதால் வந்த பலன் அது.

மெதுவான உறுப்பை விரட்டியவர்

அடுத்து நான் சொல்லப் போகிறவருக்கு நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் கடன்பட்டிருக்கிறது. அவர் பெயர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. இஎம்ஐ நிறுவனத்துப் பொறியாளர். இசைத்தட்டுகளில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள், அதே நிறுவனம்தான். 1958 வாக்கில் அவர் தலைமையில் எமிடெக் 1100 என்ற டிரான்சிஸ்டர் கணினி உருவானது.

அன்று மலிவாகக் கிடைத்த டிரான்சிஸ்டர், ரேடியோவுக்கென்று செய்தது. பாட்டுக் கேட்க அது போதும், கணக்குப் போட மெதுவானது, வால்வைவிட மெதுவானது. வேகமான டிரான்சிஸ்டர் வரட்டும் என்று ஹவுன்ஸ்ஃபீல்டு காத்திருந்திருக்கலாம். காத்திருக்கவில்லை. ஒரு சிறு காந்த வளையத்தை அதன் முன்னால் வைத்து, அந்த வளையம் தரும் வலுவான துடிப்பால் டிரான்சிஸ்டரை முடுக்கினார். அதே மந்தமான உறுப்பு வால்வுக் கணினிக்கு ஈடாக ஓடியது. அப்படிப்பட்ட 24 பெரிய கணினிகள் விற்பனையாயின. சில ஆண்டுகளில் வேகமான டிரான்சிஸ்டர்கள் வந்தன, அந்த உத்தி தேவையற்றுப் போயிற்று. அந்த மனப்பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

ஒரு பக்கத்திலிருந்து எடுக்கும் எக்ஸ்ரே படம் குறையுள்ளது. எலும்பின் நிழல் மற்றதை மறைத்துவிடும். அப்படிப்பட்ட குறையுள்ள அளவீடுகளைப் பல கோணங்களில் எடுத்துக் கணினியிடம் கொடுத்தால், உடலின் உள்வெட்டுத் தோற்றம் தெளிவாகக் கிடைக்கும் என்று அவர் கண்டார். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை அப்படிப் படமெடுக்கப்பட்டது. அதுதான் சி.டி. ஸ்கேன். 1979இல் ஆலன் கோர்மக்கோடு சேர்ந்து ஹவுன்ஸ்ஃபீல்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார். நெடுஞ்சாலையில் அடிபட்டவரைச் சென்னைக்குக் கொண்டுபோனால், மருத்துவர் முதலில் கேட்கும் அந்தப் படத்துக்குப் பின்னால், மெதுவான டிரான்சிஸ்டரோடு மல்லுக்கட்டிய ஒரு பொறியாளர் இருக்கிறார்.

எலியட் 803: பிழையைச் சொல்லும் கணினி

1960களின் தொடக்கத்தில் பிரிட்டனின் கல்லூரிகளிலும் தொழிற்சாலைகளிலும் பரவலாகப் புழங்கிய கணினி, போரம்வுட்டில் எலியட் சகோதரர்கள் நிறுவனம் செய்த 803. இருநூறுக்கு மேல் விற்றது. அதன் நினைவகம் ஃபெரைட் என்ற காந்தப் பொருளின் சிறு வளையங்களால் ஆனது. 4,096 சொற்கள், சொல்லுக்கு 39 இலக்கம், இலக்கத்துக்கு ஒரு வளையம் என்று பெருக்கினால் ஏறக்குறைய 1,60,000 வளையங்கள். அக்காலத்துக் கணினிகளின் வளையங்களுக்குள் மெல்லிய கம்பிகளைக் கோத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பழவேற்காட்டில் பனையோலைக் கூடை முடையும் நம் பெண்களின் விரல்களை அறிந்தவர்களுக்கு, அந்த வேலை எத்தகையது என்று சொல்ல வேண்டியதில்லை.

டிரான்சிஸ்டர் விலை கூடுதலாக இருந்ததால் 803இன் கணக்குச் சுற்றுகளிலும் வளையங்களைக் கலந்து சிக்கனம் செய்தார்கள். கூடுதல் சேமிப்புக்குக் காந்தப் பூச்சுப் பூசிய 35 மில்லிமீட்டர் ஃபிலிமைப் பயன்படுத்தினார்கள், ஓரத்தில் பற்சக்கரத் துளைகள் கொண்ட அதே சினிமா ஃபிலிம் அகலம். இயக்கும் மேசையில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. நிரல் ஓடும்போது அதற்கேற்ற ஓசை எழும். பழகிய இயக்குநர் சத்தத்தை வைத்தே வேலை சரியாகப் போகிறதா, ஒரே இடத்தில் சிக்கிச் சுற்றுகிறதா என்று சொல்லிவிடுவார். மோட்டார் ஓசையை வைத்தே பேரிங் போய்விட்டதென்று சொல்லும் நம் ஃபிட்டர்கள் இதைக் கேட்டு வியக்க மாட்டார்கள்.

1960இல் அந்த நிறுவனத்தில் டோனி ஹோர் என்ற இளைஞர் சேர்ந்தார். பின்னாளில் கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்றவர். 803க்காக அல்கால் 60 என்ற நிரல்மொழியின் மொழிமாற்றியை அவர் குழு எழுதியது. அதில் ஒரு காவலை வைத்தார்கள். பத்து எண்கள் கொண்ட பட்டியலில் பதினோராவது எண்ணைக் கேட்டால், கணினி எதையோ எடுத்துக் கொடுத்துவிடாமல், பிழை என்று சொல்லி நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் இதைச் சரிபார்க்க நேரம் பிடிக்கும். மெதுவான கணினியில் அது சிறிய செலவன்று.

பல ஆண்டுகள் கழித்து வாடிக்கையாளர்களிடம் கேட்டார்கள்: வேகத்துக்காக இந்தச் சரிபார்ப்பை நிறுத்தும் வசதி வேண்டுமா? எல்லோரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். நாள்தோறும் ஓட்டும் நிரல்களில் அந்தப் பிழை எத்தனை முறை தலைகாட்டுகிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. இனி அறியாமல் ஓட்ட அவர்களுக்கு மனமில்லை. கட்டியவர்களிடம் தொடங்கிய அந்த நேர்மை பயன்படுத்தியவர்களிடமும் வந்து சேர்ந்தது.

நம் நாட்டில்

இந்தியாவின் கதைக்கும் பிரிட்டன் தொடர்பு உண்டு. 1955இல் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்த எச்இசி-2எம் என்ற பிரிட்டிஷ் கணினிதான் இந்திய மண்ணின் முதல் எண்மக் கணினி. வால்வுக் கணினி. அதை நிறுவி ஓட்ட நம் பொறியாளர்கள் இங்கிலாந்து சென்று பயின்று வந்தார்கள்.

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலோ ஒரு கணினியையே கட்ட முடிவு செய்தார்கள். அந்தக் குழுவை நடத்தியவர் நம் சென்னையில் பிறந்து கிண்டியில் பொறியியல் படித்த ஆர். நரசிம்மன். குழுவில் அவரைத் தவிர மற்ற இளைஞர்கள் அதற்கு முன் கணினியைப் பயன்படுத்தியவர்கள் அல்லர். 1956இல் முன்மாதிரி ஓடியது. முழுக்கணினி 1960 பிப்ரவரியில் பணிக்கு வந்தது. 2,700 வால்வுகள், 1,700 ஜெர்மானிய டையோடுகள், 2,048 சொற்கள் கொண்ட ஃபெரைட் வளைய நினைவகம். 1962இல் பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார்.

அதற்குள் உலகம் டிரான்சிஸ்டருக்கு மாறிவிட்டிருந்தது. பணிக்கு வரும்போதே காலம் கடந்த கணினி என்று சிலர் டிஃப்ராக்கைக் குறைத்துச் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதைக் கட்டியவர்களும் ஓட்டியவர்களும் பெற்ற அறிவு எந்தக் கப்பலிலும் வந்திறங்கியிருக்காது. 1966இல் கொல்கத்தாவில் புள்ளியியல் நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து கட்டிய டிரான்சிஸ்டர் கணினி பணிக்கு வந்தது. 1969 ஜனவரியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் உருவான டிடிசி-12 வந்தது. அதன் வழியில் ஹைதராபாத்தின் இசிஐஎல் தொடர்ந்து கணினிகளைச் செய்தது. எச்இசி-2எம் ஓட்டிய அதே நிறுவனம்தான் பத்தாண்டுக்குப் பின் ஜாதவ்பூரோடு சேர்ந்து கட்டியது என்பதைக் கவனியுங்கள். வாங்கிய கணினியின் பழுதைத் தாமே பார்த்தவர்கள், அடுத்த கணினியைத் தாமே கட்டத் துணிந்தார்கள்.

ஒரு சட்டைப்பைக் குறிப்பேடு

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், உருட்டு எந்திரத்தின் டிரைவ் மதிய வேளைகளில் திடீரென்று நின்றுபோகும். பேனலைத் திறந்து பார்ப்போம், ஒன்றும் தெரியாது. கட்டுப்பாட்டுக் கார்டு கெட்டுவிட்டது என்று நான் முடிவு செய்து, புதிய கார்டு வரவழைத்து மாற்றினேன். நான்காம் நாள் அதுவும் நின்றது. இன்னொரு கார்டுக்கு எழுதப் போனபோது, எங்கள் ஹெல்பர் ஒருவர், எளாவூர்ப் பக்கத்துப் பெரியவர், தயங்கித் தயங்கி வந்தார். “சார், கார்டு மேல தப்பு இல்ல சார். உலைப்பக்கம் கதவு தொறந்து கெடக்கிற நாள்லதான் நிக்குது. நான் எழுதி வெச்சிருக்கேன்” என்றார்.

சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்தார். ஆறு வாரத்துக்கான தேதி, எந்திரம் நின்ற நேரம், கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா, எல்லாம் பென்சிலில், தமிழில். போய்ப் பார்த்தோம். பேனலின் காற்று வடிகட்டியை இரும்புச் செதில் தூசி அடைத்திருந்தது. உலையின் அனல் காற்றும் சேர்ந்தபோது உள்ளிருந்த குறைகடத்திகள் வெப்பம் தாங்காமல் நின்றிருக்கின்றன. வடிகட்டியைச் சுத்தம் செய்து, கதவுக்கு ஒரு தடுப்பு வைத்தோம். அந்தக் கோளாறு அதோடு தீர்ந்தது. படித்த நான் உறுப்பைக் குற்றம் சொன்னேன். அவர் உறுப்பு எப்போது விழுகிறது என்று எண்ணினார். பிற்காலத்தில் மான்செஸ்டரின் ஒன்றரை மணிக் கணக்கைப் படித்தபோது அந்தப் பெரியவரின் பென்சில் எழுத்துதான் கண்முன் வந்தது. அவர் செய்ததும் கிரிம்ஸ்டேலும் வெப்பும் செய்ததும் ஒரே வகை வேலை.

ஆனால் ஒரு வேறுபாடு என்னை உறுத்துகிறது. மான்செஸ்டரின் கணக்கு நூலகத்துக்குப் போயிற்று, உலகம் படித்தது. எங்கள் பெரியவரின் குறிப்பேடு அவரோடு வீட்டுக்குப் போய்விட்டது. அவர் ஓய்வு பெற்ற நாளில் அதைக் கேட்டு வாங்கிவைக்கும் எண்ணம் எங்களில் ஒருவருக்கும், எனக்கும், தோன்றவில்லை. அதில் வேறு எத்தனை பழுதுகளின் காரணம் இருந்ததோ!

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏறும்போதெல்லாம் நம் பிள்ளைகள் மொட்டை மாடியில் நின்று கைதட்டுகிறார்கள். நல்லது. அவர்களில் பலர் நாளை நம் பக்கத்து ஆலைகளில் பயிற்சியாளர்களாகச் சேரப் போகிறார்கள். இந்த மேடையிலிருந்து அவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. சேரும் நாளிலேயே ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். எந்திரம் எப்போது நின்றது, அப்போது சுற்றிலும் என்ன நிலை, என்ன செய்தீர்கள், பலித்ததா இல்லையா என்று உங்கள் தமிழில் எழுதுங்கள். பலிக்காததைக் கட்டாயம் எழுதுங்கள். ஆசிரியர்களையும் அறக்கட்டளைப் பெரியோர்களையும் நான் வேண்டுவது, அந்தக் குறிப்பேடுகள் நிறைந்ததும் வாங்கிவைக்க இந்த ஊர்ப் பள்ளியில் ஓர் அலமாரி கொடுங்கள் என்பதுதான். முதல் ஏட்டை நானே கொண்டுவந்திருக்கிறேன். அந்தப் பெரியவர் சொல்லி என் நினைவில் நின்ற பழுதுகளை அதில் எழுதியிருக்கிறேன். தலைமையாசிரியர் அவர்கள் பெற்றுக்கொள்ள வேண்டும்.